மணப்பெண் ஏறினால் நிற்கும் வண்டி

போன மாதம் மகனுடைய புது வண்டியைக் கம்பெனிக்குக் கொண்டுபோனோம். மேடு ஏறும்போது இழுக்க மாட்டேன் என்கிறது. அங்கே இருந்தவர் ஒரு வயரைச் சொருகித் திரையைப் பார்த்தார். "ஒண்ணும் காட்டலை சார். வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். மகனுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. அதே வார்த்தையை மூன்று பாஷையில் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான்.

மெக்கானிக் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நண்பர்கள் பல நாளாகக் கேட்கிறார்கள். எனக்குப் படிப்பு கிடையாது. நீட்டி எழுதவும் வராது. ஒரு வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் காரைக்கால் பக்கம். தாய்மாமா சைகோனில் ஒரு பேங்க் வாசலில் காவல் வேலை பார்த்தார். அவர் என்னை வரவழைத்தார். பிரெஞ்சு ராணுவ கராஜில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலில் கிரீஸ், பிறகு டயர், பிறகு பிரேக். வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பலேறியதும் கராஜை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் சும்மா திரிந்தேன். பிறகு ஒரு பிரெஞ்சுக்காரருடைய கார் கம்பெனியில் வேலை கிடைத்தது. முன்பக்கம் கண்ணாடிக்குள் புது வண்டிகள் நிற்கும். பின்பக்கம் கராஜ்.

என்னைவிட நல்ல மெக்கானிக்குகள் அங்கே நிறைய பேர் இருந்தார்கள். ஆனால் எனக்கு மூன்று பாஷை அரைகுறையாக வரும். அதனால் என்னை வாசலில் நிறுத்தினார்கள். வண்டிக்காரர் சொல்லும் குறையை வியட்நாம் பாஷையில் கேட்பேன். உள்ளே போய் ஷெப்பிடம், அதாவது தலைமை மெக்கானிக்கிடம், பிரெஞ்சில் சொல்வேன். ஷெப் சொல்லும் பதிலை வெளியே கொண்டுவருவேன். திட்டு விழுந்தால் அது எனக்கு. அதுதான் வேலை.

அதற்கு ஒரு முறை உண்டு. வண்டி வந்ததும் முதலில் அதில் இருக்கும் சொந்தச் சாமானையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். பாய், குடை, சாமி படம், மாலை, எதுவும் இருக்கக் கூடாது. பிறகு தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அழுக்கு வண்டியை ஷெப் தொடமாட்டார். கழுவிய பிறகு அவரே ஓட்டிப் பார்ப்பார். குறை தெரிந்தால் வேலை நடக்கும். தெரியாவிட்டால் நான் வெளியே போய், "ஒன்றும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். நாங்கள் கண்ணால் பார்க்காத பழுது பழுதே இல்லை. முதலாளி வைத்த சட்டம் அது.

ஷெப் பெயர் முசே ரெமோன். முசே என்றால் ஐயா. உயரமானவர், கூன் விழுந்தவர். வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார். அதில் ஒரு கறை இருக்காது. கத்தமாட்டார். வேலையாள் எல்லாரையும் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். ஒருவன் தப்பு செய்தால் அவன் பக்கத்தில் போய் நிற்பார், அவ்வளவுதான். அவன் திணறி, தானே கண்டுபிடித்துத் திருத்தும்வரை நிற்பார். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும். எஞ்சினை ஓடவிட்டு, உள்ளங்கையை பானட்டின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கையை எடுக்கும்வரை கராஜில் யாரும் சுத்தியலைத் தூக்கக் கூடாது. பன்னிரண்டு மணிக்கு மரத்தூளும் சோப்பும் போட்டுக் கை கழுவுவார். மணி அடிக்கும். கேட்டை மூடுவோம். இரண்டரை வரைக்கும் சைகோனே தூங்கும், அவர் மாடியில் தூங்குவார். அந்த நேரத்தில் அவரை எழுப்பியவர் யாரும் கிடையாது.

சைகோனை ஒட்டிய சீனர் பேட்டை சோலோன். அங்கிருந்து பா ஹாய் வந்தது இந்த கராஜுக்குத்தான். அந்த ஊரில் தலைப்பிள்ளையை 'ரெண்டாவது' என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாய் என்றால் அதுதான். பா என்றால் அம்மாள். எங்களை மாதிரி இந்தியர்களையோ எல்லாரும் 'ஏழாம் அண்ணன்' என்பார்கள். ஏன் ஏழு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

பா ஹாய்க்குப் புருஷன் இல்லை. கல்யாணங்களுக்குக் கார் விடுவதுதான் பிழைப்பு. பழைய கறுப்பு வண்டி ஒன்று வைத்திருந்தாள். அதை விற்று, கையில் இருந்ததையெல்லாம் போட்டு, எங்களிடம் வெள்ளையில் ஒரு புது வண்டி வாங்கினாள். தம்பி லோக் ஓட்டுவான். வாங்கிக் கொஞ்ச நாளில் திரும்பி வந்தாள்.

"ஏழாம் அண்ணே, உங்க வண்டி செத்துப்போச்சு."

"இப்ப ஓடித்தானே வந்துச்சு?"

"இப்ப ஓடும். கல்யாணத்துல செத்துப்போவுது. பொண்ணு உள்ள உக்காந்திருக்கு, நடுத்தெருவுல நின்னுடுது. கொஞ்ச நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி கெளம்புது."

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பெண் அம்மா வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. வழியில் நிற்கவும் கூடாது. நின்றால் அந்தக் கல்யாணமும் பாதியில் நிற்கும் என்பார்கள். வண்டிக்காரியை வாழ்த்திக் கூப்பிட்ட வாயே சபிக்கும்.

முசே ரெமோனிடம் சொன்னேன். பிளக், பாய்ண்ட் எல்லாம் பார்த்தார். ஓட்டினார். நிற்கவில்லை. நான் வெளியே போய் வண்டி நன்றாக இருக்கிறது என்றேன்.

அடுத்த கல்யாணத்தில் நின்றது.

பெட்ரோல் பம்பை மாற்றினார். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் கார்பரேட்டருக்குப் போகாது, வண்டி நின்றுவிடும். வெயில் ஊரில் இது நடப்பதுதான். குழாயைச் சுற்றிச் சூடு ஏறாத துணி கட்டினார். எங்களில் ஆறு பேரை உள்ளே திணித்துச் சந்தைத் தெருவில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிப் பார்த்தார். ஒருத்தன் மடியில் ஒருத்தன். வேர்த்து ஒழுகியது. வண்டி நிற்கவில்லை.

அடுத்த கல்யாணத்தில் மறுபடி நின்றது.

முன்பக்கம் விற்கிறவர்களுக்கு இது விளையாட்டாகிவிட்டது. "பொண்ணு ஏறினாத்தான் நிக்குதா? அவ்வளவு கனமான பொண்ணா?" என்று ஒருவன் அவள் காதில் விழவே கேட்டான். ஸ்டோரில் இருந்த சின்னப்பன் அண்ணன் புதுச்சேரிக்காரர். அவர் என்னிடம், "டேய் சவரி, அந்த வண்டிக்குக் கல்யாணமே புடிக்கலடா. சாமியாராப் போவவேண்டிய வண்டிய இழுத்தாந்து வெச்சிக்கினு தொல்லை பண்றோம்" என்றார். நானும் சிரித்தேன்.

பா ஹாய் முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "எங்கள் கராஜில் ஒரு தடவை நிற்கட்டும். மறுநாளே வேறு வண்டி தருகிறேன். நிற்காத வண்டியை எப்படி மாற்றுவது?" என்றார். பிறகு, ஓட்டுகிறவன் கிளட்சிலேயே காலை வைத்திருப்பான், அதைப் பாருங்கள் என்றார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். லோக் என்னைப் பார்த்தான்.

"ஏழாம் அண்ணே, இத அவரு சொன்னாரா, நீ சொல்றியா?"

"அவரு."

"பதிமூணு வயசுல ஸ்டியரிங்க புடிச்சேன். அவருகிட்ட சொல்லு."

சொல்லவில்லை. சொல்லி என்ன?

வெளியே வந்ததும் பா ஹாய் படியில் நின்றாள். "இன்னொரு தடவ நின்னா எனக்குத் தொழில் இல்ல. கொழுந்தன் வீட்டுக்குப் போயி அடுப்படியில உக்காரவேண்டியதுதான்" என்றாள். அழவில்லை. யாருக்கோ வழி சொல்வது போலச் சொன்னாள்.

மழைக்கு முந்தின வெயில் காலம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேட் மூடிவிட்டோம். நான் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டை யாரோ உடைக்கிறது போல அடித்தார்கள். காவல்காரர் திறக்கவில்லை, இரண்டரைக்கு வா என்றார். நான் எட்டிப் பார்த்தேன். பா ஹாய் கல்யாண உடுப்போடு நிற்கிறாள், செருப்பைக் கழற்றிக் கேட்டில் அடிக்கிறாள். பின்னால் பட்டுச் சட்டை போட்ட நாலைந்து ஆண்கள் வெள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெண்ணை வேறு வழியில்லாமல் சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். மாப்பிள்ளையின் அப்பா தெருவில் எல்லார் முன்னாலும் அவளைப் பேசக் கூடாததெல்லாம் பேசியிருக்கிறார்.

"தொறங்க! நிக்கணும்னு கேட்டீங்கல்ல? நின்னுடுச்சு. தொட்டுப் பாருங்க!"

கேட்டைத் திறந்தேன். வண்டியைத் தள்ளி உள்ளே விட்டோம். சத்தத்தில் முசே ரெமோன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பைஜாமா, கால்செருப்பு, கன்னத்தில் தலையணை மடிப்பு. அவரை அப்படி நாங்கள் பார்த்ததில்லை.

அவர் வண்டியின் முன்னால் வந்து நின்றார். பானட்டில் கை வைக்கவில்லை. வண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெரிய மரப்பலகை கட்டியிருந்தது. சிவப்பு வர்ணம், நடுவில் தங்க நிறத்தில் சீனர்கள் கல்யாணத்துக்குப் போடும் இரட்டை மகிழ்ச்சி எழுத்து. ரேடியேட்டருக்குக் காற்றுப் போகும் முன்வலை முழுக்க அதற்குப் பின்னால் மறைந்திருந்தது. நான் பார்த்து, அழகாகச் செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

முசே ரெமோன் பலகைக்குப் பின்னால் கையை நுழைத்தார். சுட்டுக்கொண்டு இழுத்தார்.

"இது எப்போதிலிருந்து இருக்கிறது? கேளுங்கள்."

கேட்டேன். "புது வண்டி வாங்கினதுலேருந்து. பழசுக்குக் காயிதம்தான் ஒட்டுவோம். புது வண்டிக்கு கௌரவமா இருக்கட்டும்னு மரத்துல செஞ்சேன்" என்றாள்.

"இங்கே வரும்போது ஏன் ஒரு நாளும் இல்லை?"

அதைக் கேட்டதும் அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கல்யாணப் பலகைய யாராவது ஒடஞ்ச வண்டி நிக்கிற எடத்துக்குக் கொண்டாருவாங்களா? கழட்டி, பட்டுத்துணி சுத்தி, வீட்டுல வெச்சிட்டுத்தான் வருவேன். இன்னிக்கு மானம் போயிடுச்சு, இனிமே என்னன்னு அப்படியே வந்தேன்."

அவள் கழற்றாமல் வந்திருந்தாலும் நாங்கள் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கழுவியிருப்போம்.

முசே ரெமோன் சிரிக்கவில்லை. "வண்டி மூச்சு விட முடியவில்லை. அப்படிச் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார். பலகையைத் தொட்டு, ரேடியேட்டரைக் காட்டி, தன் மூக்கின் முன்னால் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாண உடுப்போடு எண்ணெய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான்தானா" என்றாள்.

தள்ளிக்கொண்டு வந்தவர்கள் சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை முதலாளிக்குத் தெரிந்தது. "அவளுடைய பலகை. நம் வண்டியில் குறையில்லை. முடிந்தது" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் முசே ரெமோன் போகவில்லை. தப்பு செய்தவன் பக்கத்தில் நிற்பாரே, அந்த மாதிரி அந்த வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பலகையை வண்டியின் கூரையில் கட்டலாமே என்று கேட்கச் சொன்னார். "அது பொண்ணுக்கு முன்னால போவணும். தலைக்கு மேல போனா அதுக்கு வேற அர்த்தம்" என்றாள். சரி என்றார். எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற மரத்தையெல்லாம் அறுத்து எடுத்த மாதிரி புதிதாக ஒன்று செய்யச் சொன்னார். சோலோன் தச்சர் செய்து கொடுத்தார். அதை வலையிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்த, முசே ரெமோன் தன் கையாலேயே இரண்டு இரும்புக் கை வளைத்தார். மத்தியான வெயிலில் கராஜ் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஊர்ந்து ஓட்டினார். மணி அடித்துவிட்டது. அவர் இறங்கவில்லை. வண்டி நிற்கவில்லை.

பழுது தீர்ந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? சோலோனில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், 'நிற்கிற வண்டி' என்று. கல்யாணத்துக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. லோக் ஏர்போர்ட் வாசலில் சவாரிக்கு நின்றான். அங்கே எப்போதும் நிற்கும் டாக்சிக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். விற்கலாம் என்றால் அந்த வெள்ளை வண்டியைத் தெரியாதவர் இல்லை. கொழுந்தன் வீட்டிலிருந்து ஆள் வந்து சாமான் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு அந்த வருஷம் பாஸ்கா திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, அப்புறம் கல்யாணம் வைத்திருந்தது. பெண் பெயர் லியென். தையல்கடையில் வேலை, எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவள், வீடு சோலோனில். எனக்கு ஒரு கார் வேண்டும். பா ஹாய்க்கு ஒரு கல்யாணம் வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். தர்மம் செய்யவில்லை.

லியெனுடைய அம்மா கத்தித் தீர்த்துவிட்டார். "ஊர்ல வேற காரே இல்லையா? எம் மவள அந்தச் சனியன்லயா ஏத்துவே?" என்றார். லியென் ஊசியைத் துணியில் குத்திவிட்டு என்னைக் கேட்டாள்.

"நிக்காதுன்னு நீங்க சொல்றீங்களா, வெள்ளைக்காரர் சொல்றாரா?"

"ரெண்டு பேரும்."

"அப்ப அவரும் வந்து வண்டியில உக்காரட்டும்."

முசே ரெமோனிடம் போய்ச் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்றார். காலையில் என்றேன். "காலையில் வைத்தால் யார் நம்புவார்கள்? வெயிலில் வையுங்கள்" என்றார். பங்குச் சாமியார் முதலில் முடியாது என்றார். பிறகு திட்டிக்கொண்டே பதினொரு மணிக்குப் பூசை வைக்க ஒத்துக்கொண்டார்.

முன்சீட்டில் லோக், பக்கத்தில் முசே ரெமோன், மடியில் கைக்குட்டையில் சுற்றிய ஸ்பானர். பின்னால் லியென், அவள் அம்மா, பா ஹாய். முன்னால் அறுத்துச் செய்த பலகை. நான் பின்னால் சின்னப்பன் அண்ணனோடு சைக்கிள் ரிக்ஷாவில் வந்தேன். மாப்பிள்ளையும் அதே வண்டியில் ஏறினால் பலகை ஜெயித்ததாக ஆகாது, பின்சீட்டில் பெண்ணும் பொம்பளைகளுமே இருக்கட்டும் என்று பா ஹாய் சொல்லிவிட்டாள். எனக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. சரி என்றேன்.

போன தடவை நின்ற அதே மருந்துக்கடைத் தெரு. மூலிகை வாசனை. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் பெண்ணைப் பார்க்கவில்லை, பானட்டைப் பார்த்தார்கள். தெரு முனைக்கு வந்ததும் போலீஸ்காரர் கையைக் காட்டினார். ராணுவ லாரிகள் வரிசையாகப் போகின்றன. சண்டை நடந்த காலம், அவை போய் முடிகிறவரை எதுவும் நகராது. வண்டி அந்த வெயிலில், அந்த இடத்தில் நின்றது. எஞ்சின் ஓடுகிறதா என்று எனக்குக் கேட்கவில்லை. லாரிச் சத்தம்.

"ஏழாம் அண்ணே, எறங்கித் தள்ளு! இப்பவே தள்ளிப் பழகிக்க!" என்று ஒரு பழக்காரி கத்தினாள். தெருவே சிரித்தது.

சின்னப்பன் அண்ணன் என் முழங்காலில் தட்டினார். "பேசாம இரு. பாரு, கொழா ஆடுது" என்றார். பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் புகைக்குழாய் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கடைசி லாரி போனது. வெள்ளை வண்டி நகர்ந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

கோயில் வாசலில் எல்லாரும் இறங்கினோம். லோக் சாவியைத் திருப்பக் கை வைத்தான். பா ஹாய் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அணைக்காத. ஓடட்டும்."

"அக்கா, பூசை முடியவே ஒரு மணி நேரம் ஆவும்."

"ஓடட்டும்னா ஓடட்டும்."

முசே ரெமோன் கோயிலுக்குள் வரவில்லை. வண்டிப் பக்கத்தில் வெயிலில் நின்றுவிட்டார். உள்ளே நாங்கள் மோதிரம் மாற்றியபோதும் வெளியே எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாமியார் பிரசங்கத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நடு நடுவே நிறுத்திக் கதவுப் பக்கம் பார்த்தார். லியெனும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். சாமியார் சம்மதமா என்று கேட்டபோது பதில் சொல்லத் தாமதித்தாள்.

வெளியே வந்தபோது நல்ல உச்சி வெயில். தெருக்காரர்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். பழக்காரிகூடக் கூடையோடு வந்திருந்தாள். எங்கள்மேல் யாரும் பூப் போடவில்லை. முசே ரெமோன் கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது, பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கையை எடுத்து, லோக்கைப் பார்த்துத் தலையாட்டினார். லோக் அணைத்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. பிடித்துக்கொண்டது.

கூட்டத்தில் ஒரு சீனத்து அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு பா ஹாய் பக்கத்தில் வந்தார்.

"அடுத்த மாசம் என் மவளுக்கு வெச்சிருக்கோம். வண்டி இருக்குமா?"

பா ஹாய் கையில் ஒரு கல்யாணமும் கிடையாது. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். அவள் சட்டைக் கை நுனியால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். அவசரப்படவில்லை.

"என்னிக்குன்னு சொல்லுங்க" என்றாள். "அன்னிக்கு ஒழிவா இருக்கான்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."